செவன் வொண்டர்ஸ்: முதல் யுகத்தில் எவ்வளவு வளம் சேர்க்க வேண்டும்?

கேள்வி: கொட்டகலைக்காரி

வணக்கம். பாடசாலை விடுமுறை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து செவன் வொண்டர்ஸ் என்ற அட்டை ஆட்டத்தை ஆடுகிறோம். அட்டைகளில் எழுத்தைவிடக் குறிகளே அதிகம் என்பதால் அம்மாவும் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார். ஆனால் எங்களுக்குள் ஒரு வாதம் மட்டும் தீரவில்லை. மரம், கல், களிமண், தாது தரும் கபில நிற அட்டைகளை முதல் யுகத்திலேயே, அதாவது ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவதிலேயே, வாரி எடுத்துக்கொண்டால் பிறகு எதையும் தடையின்றிக் கட்டலாம் என்பது அண்ணனின் கட்சி. அந்த அட்டைகள் தம்மளவில் ஒரு புள்ளியும் தருவதில்லை, வேண்டியதை அயலவரிடம் காசுக்கு வாங்கினால் போதும் என்பது அம்மாவின் கட்சி. இருவரும் மாறி மாறி வெல்கிறார்கள். நீண்ட காலம் ஆடியவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில்: பண்டாரவளை ஆசிரியர்

தங்கச்சி, நான் அம்மாவின் பக்கமே சாய்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. யுகத்துக்கு ஏழு அட்டைகள் கைக்கு வந்தாலும் கடைசி அட்டை கழிக்கப்படுவதால், ஒருவர் ஒரு யுகத்தில் ஆறு தடவையும் மூன்று யுகங்களிலும் சேர்த்து 18 தடவையும்தான் ஏதாவது செய்ய முடியும். அவற்றில் ஏழெட்டைக் கபில நிறத்துக்கே கொடுத்துவிட்டவருக்கு, புள்ளி தேடுவதற்கு எஞ்சுவது பத்துத்தான்.

ஆளுக்கொன்றாக வரும் அதிசயப் பலகைகளில் கீசாப் பிரமிட்டின் 'ஏ' பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கல், மூன்று மரம், நான்கு கல் என்று மூன்று படிகள். அவை முறையே 3, 5, 7 புள்ளிகள் தரும். பலகை தானே ஒரு கல்லைத் தருகிறது. நீங்கள் இன்னொரு கல் அட்டையை எடுத்து, இடப்பக்கத்து அயலவரிடம் இரண்டு கல் இருந்தால், கடைசிப் படிக்கு மீதி இரண்டையும் அவரிடம் நான்கு நாணயத்துக்கு வாங்கலாம். அந்தப் பக்கத்துக்கு உரிய மஞ்சள் வணிக அட்டையை முதல் யுகத்திலேயே செலவின்றி எடுத்து வைத்திருந்தால் இரண்டே நாணயம் போதும். அவர் விற்க மறுக்க முடியாது என்பதையும், விற்பதால் அவருடைய கல் குறைவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். பிரமிட்டுக்காகக் கல் அட்டைகளையே குவித்துக்கொண்டிருப்பதற்கு இங்கே அவசியமே இல்லை.

நிபந்தனை இதுதான்: இரு அயலவரிடமும் இல்லாத பொருளை நீங்களே உண்டாக்கியாக வேண்டும். மூன்றாம் யுகத்தில் கபில அட்டையோ, கண்ணாடி, பப்பைரஸ், துணி தரும் சாம்பல் நிற அட்டையோ வரவே வராது. ஆகவே எத்தனை வளம் வேண்டும் என்ற கேள்விக்கு உங்கள் பலகையை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. இருபுறமும் இருக்கும் மேசையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பதில்: நுவரெலியா வாசகர்

ஆசிரியர் சொன்னதில் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். தொடக்கத்தில் கையில் இருப்பது மூன்று நாணயம் மட்டுமே. காசு தீர்ந்துவிட்டால் ஓர் அட்டையைக் கழித்து மூன்று நாணயம் பெற வேண்டும். அதற்கும் 18 தடவைகளில் ஒன்று போய்விடுகிறது. அத்துடன் நீங்கள் கொடுக்கும் காசு அயலவரிடமே சேர்கிறது, ஆட்ட முடிவில் மூன்று நாணயம் அவருக்கு ஒரு புள்ளி. ஆகையால் இரண்டாம் யுகத்தில் ஒரு நாணயத்துக்கு ஒரே பொருளை இரட்டையாகத் தரும் கபில அட்டைகளை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடாதீர்கள். அண்ணனிடமும் ஓர் எச்சரிக்கை சொல்லுங்கள்: அயலவரின் கபில அட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி தரும் ஊதா அட்டை ஒன்று மூன்றாம் யுகத்தில் வரக்கூடும்; அவர் குவித்தது பக்கத்தில் இருப்பவருக்கு வருமானமாகிவிடும்.

வேறொன்று. எங்கள் பக்கத்து மழையிலும் பனிமூட்டத்திலும் அட்டைகள் ஈரம் உறிஞ்சி வளைந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள். வளைந்த அட்டையைப் பின்புறத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம் என்றால் இந்த ஆட்டம் கெட்டுவிடும்.

கொட்டகலைக்காரி

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மா வெல்லும் ஆட்டங்களில் பெரும்பாலும் பச்சை அட்டைகளே அவரிடம் நிறைந்திருக்கின்றன. அவரைத் தடுப்பதற்காக நமக்குத் தேவையில்லாத அட்டையை எடுப்பது வீண் அல்லவா?

பதில்: பண்டாரவளை ஆசிரியர்

பச்சையைப் பொறுத்தவரை வீண் அல்ல. அந்த அட்டைகளில் உள்ள மூன்று வகை அறிவியல் குறிகளில் ஒரே குறி மூன்று சேர்ந்தால் 9 புள்ளி, மூன்று குறிகளும் ஒவ்வொன்று இருந்தால் 10 புள்ளி. ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டாக ஆறு அட்டைகள் சேர்ந்துவிட்டால் 26. அட்டைகள் சேரச் சேரப் புள்ளிகள் வேகமாகப் பெருகுவதால், அம்மாவிடம் நான்கு சேர்ந்த பிறகுதான் ஆபத்து பெரிது.

எடுத்த அட்டையை அதிசயத்தின் படிக்குக் கீழே கவிழ்த்து வைத்தால் தடுப்பும் கட்டுமானமும் ஒரே தடவையில் முடிந்துவிடும். ஒவ்வொருவரும் ஓர் அட்டையை எடுத்தபின் மீதிக் கட்டு முதலாம், மூன்றாம் யுகங்களில் இடப்பக்கம் நகர்வதால், அம்மாவின் வலப்பக்கத்தில் இருப்பவரே அவருக்கு நேரடியாக அட்டை கொடுப்பவர்; இரண்டாம் யுகத்தில் அந்தப் பொறுப்பு இடப்பக்கத்தவருக்கு மாறும். நான்கு பேர் ஆடும்போது முதல் சுற்றில் நீங்கள் கண்ட கட்டே ஐந்தாம் சுற்றில் மூன்று அட்டைகளோடு உங்களிடம் திரும்பி வரும். 304 என்ற சீட்டாட்டம் ஆடுபவர்கள் விழுந்த அட்டைகளை நினைவில் வைப்பதுபோல அந்தக் கட்டில் எவை போயின என்று பாருங்கள். அதிலிருந்த பச்சை அட்டைகள் இரண்டும் காணாமல் போய், அம்மாவின் முன்னால் ஒன்றுதான் விழுந்திருந்தால், மேசையில் இன்னொருவரும் பச்சை சேர்க்கிறார் அல்லது அவரைத் தடுக்கிறார் என்று கொள்ளலாம். அப்போது நீங்கள் உங்கள் கட்டுமானத்தைக் கவனித்தால் போதும்.