பொருள்: ஹோம் பிளேட் – ‘தாய்ச்சி’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலக சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) போட்டியைப் பற்றி எங்கள் பள்ளித் தகவல் பலகைக்கு எழுத உட்கார்ந்தேன். வரலாறு எளிதாக வந்துவிட்டது: 1981இல் கனடாவின் எட்மன்டனில் தொடங்கியது, இப்போது உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு நடத்துகிறது, 15 வயதுக்குட்பட்ட பெண்களுக்கும் 2023இல் டோக்கியோவில் தனியாக ஒன்று தொடங்கினார்கள். ஆட்டத்தை விளக்கப் போனதும் ஹோம் பிளேட்டுக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டேன்.

ஐந்து மூலை கொண்ட, 17 அங்குல அகலமுள்ள ரப்பர் பலகை அது. மட்டையாளர் அதன் பக்கத்தில் நின்று அடிக்கிறார். மைதானத்தில் உள்ள மூன்று தளங்களையும் (பேஸ்) வரிசையாகத் தொட்டுவிட்டு இதையும் தொட்டால்தான் ஓட்டம். தளத்துக்குத் தளம் 60 அடி. (நம் மலையில் சமதரையாக 60 அடி கிடைப்பதே பெரிது. அடித்த பந்து தேயிலைக்குள் போனால் ஆட்டம் கால்மணி நேரம் நிற்கும். அது வேறு கதை.)

முன்பு இங்கே வந்த ‘இல்லத்தட்டு’ வேண்டாம், சாப்பாட்டுத் தட்டுதான் நினைவுக்கு வரும். ஹோம் ரன்னை (ஒரே அடியில் எல்லாத் தளங்களையும் சுற்றி வருவதை) ‘வீட்டு ஓட்டம்’ என்றால் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடுவது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

என் முன்மொழிவு ‘தாய்ச்சி’. கண்ணாமூச்சியில் ஒளிந்தவர் பிடிபடாமல் ஓடிவந்து தொடுவது தாய்ச்சியைத்தானே? தொட்டபின் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இங்கேயும் அதுதான் விதி.

– கோத்தகிரியிலிருந்து

-----

சார், வணக்கம்.

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் தாய்ச்சி என்பது ஆள், கண்ணைப் பொத்துகிறவர். கிளித்தட்டு ஆடிய ஈழத்து நண்பர்களுக்கும் தாச்சி ஆள்தான். மூன்றாம் தளத்தில் எதிரணிப் பெண் நிற்கிறாள், கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவள்) நழுவவிட்ட பந்தைத் துரத்திப் பின்னால் ஓடுகிறாள், பிட்சர் (பந்து வீசுகிறவள்) பாய்ந்து வந்து ஹோம் பிளேட்டைக் காக்கிறாள் என்று வையுங்கள். ‘தாய்ச்சிக்கு எறி’ என்றால் பந்து யாருக்கு? பலகைக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பெயர் என்று இருந்தே தீர வேண்டும்.

‘தாய்த்தளம்’ என்று வைக்கலாமே. முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம், தாய்த்தளம் என்று வரிசையிலும் உட்காருகிறது. ஹோம் ரன்னுக்கு ‘முழுச்சுற்று’ போதும். பந்து வேலியைத் தாண்டினாலும் நான்கையும் தொட்டுக்கொண்டுதானே வர வேண்டும்?

– குன்னூரிலிருந்து

-----

தம்பி,

முழுச்சுற்றை அப்படியே எடுத்துக்கொண்டேன். கேட்சர் விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு மறுப்பில்லை, தாய்ச்சியை விட்டுவிடுகிறேன்.

தாய்த்தளத்தைச் சனிக்கிழமை காந்தி மைதானத்தில், மேகம் இறங்குவதற்குள் கொஞ்ச நேரம் சோதித்துப் பார்த்தோம். எழுத்தில் சரி, வாயில் நிற்கவில்லை. ஓடுகிறவளைப் பார்த்துக் கத்துகிற சொல் இரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது போலிருக்கிறது. படுகு (நீலகிரிப் படுகர்களின் மொழி) பேசும் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் சொன்னதைக் கண்டுகொள்ளாமல் ‘மனெ! மனெ!’ என்றே கத்தினார்கள். அவர்கள் மொழியில் வீடு. கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் ‘மனை, மனை’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். தரையில் படிந்த பலகை என்பதால் ‘மணை’ என்று காதில் விழுந்தாலும் பொருள் கெடவில்லை.

மனை என்றால் பத்திரப்பதிவு அல்லவா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். மைதானத்தில் யாரும் பத்திரம் எழுதுவதில்லை. தகவல் பலகையில் ‘மனை’ என்றே எழுதப் போகிறேன். கட்டுரை நடைக்குத் தாய்த்தளம் இருக்கட்டும்.

இனி மிச்சமிருப்பது டை-பிரேக்கர். ஏழு இன்னிங்ஸிலும் சமநிலை என்றால், எட்டாவதிலிருந்து இரண்டாம் தளத்தில் ஒருத்தியைச் சும்மா நிறுத்திவிட்டுத் தொடங்குகிறார்களே, அவளை என்னவென்று சொல்வது? ‘இலவச ஓட்டக்காரி’ என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள்.