புதுப்பிப்பு: கொடைக்கானலில் கடைசி முழு நாள், அம்மாவுடன்

முழங்கால் வலி உள்ள அம்மாவுடன் கொடைக்கானலில் கடைசி முழு நாளை எப்படிக் கழிக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"டவுன் ஏரிப் பக்கம் போகாதீங்க, காலையிலேயே மன்னவனூர் கிளம்பிடுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மன்னவனூர், கொடைக்கானலைத் தாண்டி உள்ள மலைக்கிராமம். ஏழு மணிக்குக் கிளம்பினோம். வழியில் பூம்பாறை கிராமம். படிப்படியாக இறங்கும் வயல்களை அம்மா காரில் இருந்தபடியே பார்த்தார். குழந்தை வேலப்பர் கோயிலில் கூட்டமே இல்லை. நிதானமாக நின்று கும்பிட்டார். ஊரில் எல்லோருக்கும் கொடுக்க மலைப்பூண்டு வாங்கினோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு இது, வாசனையே தனி. அந்த ஒரு மணி நேரம்தான் பயணத்திலேயே அம்மாவுக்கு மிகவும் பிடித்தது.

எதிர்பாராத விஷயம்: மன்னவனூரில் ஏரிக்கரை வரை புல்வெளியில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. அம்மா மேலேயே உட்கார்ந்துகொண்டார். பரிசலில் நாங்கள் மட்டும் போனோம்.

மலை விளிம்பில் காட்சி பார்த்தபடி நடக்கும் பாதையான கோக்கர்ஸ் வாக்கை மாலைக்கு வைத்தது தவறு. மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. சரி என்று மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்பும் முன் போனோம். சமவெளி வரை தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம், கொடைக்கானலுக்கு வண்டியில் வரத் தேவையான ஆன்லைன் அனுமதியான இ-பாஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, ஃப்ளாஸ்க் அவசியம்.