ரொண்டால்யா ஒலிப்பதிவு: பாஹோவை எங்கே உட்காரவைப்பது?

நண்பர்களே, பிலிப்பைன்ஸின் ரொண்டால்யா (மீட்டு கம்பிக் கருவிகளின் குழு) ஒன்றைச் சின்ன ஸ்டுடியோவில் பதிய வேண்டும். அறை 5×4 மீட்டர், உயரம் 2.6. கருவிகள்: பண்டூரியா 3; லாவுத், ஒக்தவினா, கிதாரா, பாஹோ (கீழ்ச்சுரம் தரும் பேஸ் கருவி) தலா 1. எல்லாரும் சேர்ந்தே வாசிப்பார்கள். தனித்தனியாக எடுத்தால் டிரெமோலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது) ஒட்டாது.

பண்டூரியாவில் 14 கம்பி, 6 வரிசை. உச்சத்தில் உள்ள மூன்று வரிசைக்கும் மும்மூன்று கம்பி. அதில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் சுரம் அலையும். அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி பார்க்கிறோம். மைக்கை 30 செ.மீ.க்குள் கொண்டுபோனால் பிக் உரசும் சத்தம்தான் முன்னே நிற்கிறது, கம்பி பின்னால் போய்விடுகிறது. ஆகவே அரைவட்டமாக உட்காரவைத்து, 1.5 மீட்டர் முன்னால், 1.8 மீட்டர் உயரத்தில் ஓஆர்டிஎஃப் முறையில் ஸ்டீரியோ மைக் ஜோடி (இடைவெளி 17 செ.மீ., கோணம் 110 டிகிரி). மேலே கூரையில் ஒலியை உறிஞ்ச 10 செ.மீ. ராக்வூல்.

சிக்கல் பாஹோவில். 4 மீட்டர் அகலத்துக்கு நிலையலை (எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே பட்டுத் திரும்பி வலுக்கும் ஒலி) சுமார் 43 ஹெர்ட்ஸ்; பாஹோவின் கீழ் எஃப் 43.65. அந்த ஒரு சுரம் மட்டும் குடம்போல முழங்குகிறது. இவ்வளவு கீழே ராக்வூல் சும்மா அலங்காரம்தான்.

அகலத்தின் நட்டநடுவில் பாஹோவை வைத்தால் முழக்கம் அடங்கும், ஆனால் பண்டூரியாக்கள் ஓரத்துக்குப் போய்விடும். வேறு இடம் பலன் தந்திருக்கிறதா? பாஹோவுக்கு 40 செ.மீ.யில் தனி மைக் வைத்தால், ஜோடியோடு வரும் 4–5 மில்லிசெகண்ட் வித்தியாசத்தை டிலே போட்டுச் சரிசெய்வீர்களா, அப்படியே விடுவீர்களா?