மழைக்காலம், சின்னச் சமையலறை, ஆணி அடிக்க முடியாத சுவர்: காலைச் சாப்பாட்டுக்கு வழி சொல்லுங்கள்

தாம்வே மாடிவீடு

வணக்கம். யாங்கூனில் தாம்வே பக்கம் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். சமையலறை நீளம்தான், அகலம் இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டும். சுவரில் ஆணி அடிக்கவே கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மழை தொடங்கியதிலிருந்து ரவையில் வண்டு, உப்பு நீர்த்துப்போகிறது, சர்க்கரை டப்பாவைச் சுற்றி எறும்பு. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாததால் மாவு அரைக்க முடிவதில்லை, அரைத்தாலும் பிரிட்ஜ் ஓடாமல் புளித்துப் பொங்கிவிடுகிறது. பிள்ளைகள் காலையில் சீக்கிரம் கிளம்பவேண்டும், தினமும் கடையில் மொகிங்கா (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அதிகம் செலவில்லாமல் நாமே செய்துகொள்கிற அலமாரி, மிக்சி இல்லாமல் முடிகிற பலகாரம், இரண்டுக்கும் யாராவது யோசனை சொல்லுங்கள்.

பசுண்டவுன் அக்கா

தங்கச்சி, முதலில் அலமாரி. சந்தையில் பழம் வந்திறங்குகிற மரப்பெட்டிகளைக் கேட்டால் சல்லிசாகக் கொடுப்பார்கள். நான்கு வாங்கி, சிலாம்பு கையில் ஏறாதபடி உப்புத்தாளால் தேய்த்து, வாய் முன்பக்கம் பார்க்கும்படி படுக்கவைத்து இரண்டின்மேல் இரண்டாக அடுக்கி, மூலைக்கு மூலை நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டு. ஆணியே வேண்டாம். அடியில் செங்கல் வை, தரை ஈரம் ஏறாது. சுவரை ஒட்டி வைக்காதே, இரண்டு விரல் இடைவெளி விடு, இல்லையென்றால் பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும்.

அப்புறம், எனக்கு இதுதான் முக்கியம்: பருப்பு ஓரிடம், தாளிப்பு ஓரிடம் என்று பிரிக்காமல் ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு பெட்டி வை. எங்கள் வீட்டில் பழைய பிஸ்கட் தகரப்பெட்டிதான் உப்புமாப் பெட்டி. ரவை பாட்டில், கடுகும் உளுத்தம்பருப்பும் கலந்த சின்ன டப்பா, காய்ந்த மிளகாய், உப்பு, அளக்கிற பால் டின், எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கரண்ட் இல்லாத விடியற்காலையில் மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்கிற வேலை மிச்சம். ஒரு டின் ரவைக்கு இரண்டரை டின் தண்ணீர், வெங்காயம் மட்டும் நறுக்கினால் போதும். ரவையை வாங்கிய அன்றே வறுத்து, நன்றாக ஆறிய பிறகு மூடு. சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டிபிடிக்கும்.

சர்க்கரை டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வை, எறும்பு வராது.

பெகுக்காரன்

அக்கா சொன்னதெல்லாம் சரி, அந்தத் தட்டுத் தண்ணீரில் மட்டும் கவனம். டெங்குக் கொசு இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். வாரம் இரண்டு தடவையாவது கொட்டிவிட்டு, தட்டின் ஓரத்தை நார் போட்டுத் தேய்க்கவேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது. பிள்ளைகள் இருக்கிற வீடு, இதில் அசட்டையாக இருக்கவே கூடாது. என்னைக் கேட்டால் தண்ணீரே வேண்டாம், திருகுமூடி உள்ள பாட்டில் போதும். குடிதண்ணீர் வருகிற ஒரு லிட்டர் பாட்டிலைக் கழுவி, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, சர்க்கரை, பருப்பு எல்லாம் அதில் போடலாம். இன்னொரு பாட்டிலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்தால் புனல் ஆயிற்று.

பலகாரத்துக்கு நான் பெப்யோவைத்தான், அதாவது முளைகட்டி வேகவைத்த பட்டாணியைத்தான் சொல்வேன். பட்டாணியை ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டிவையுங்கள். முளை எட்டிப் பார்த்தால் போதும், நீள விடவேண்டாம். முந்தின இரவே வேகவைத்துவிடாதீர்கள், இந்தப் புழுக்கத்தில் விடிவதற்குள் நூல் விட்டுவிடும். காலையில் மஞ்சளும் ஒரு சிட்டிகை சோடா உப்பும் போட்டுக் குக்கரில் மூன்று விசில், விரலால் அழுத்தினால் மசியவேண்டும். இன்னொரு அடுப்பில் சோறு வடித்துத் தட்டில் பரப்பி ஆறவிட்டால் உதிரியாக நிற்கும். எண்ணெயில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, பெப்யோ, சோறு, உப்பு போட்டுப் புரட்டினால் தமின்ஜோ, நம் வறுத்த சோறு, தயார். மேலே ஒரு முட்டை பொரித்து வைத்தால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் சாப்பிடும்.

மௌல்மீன் மருமகள்

தாம்வே அக்கா, மாவு அரைக்கிற இட்லியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கே கப்பல் ஏறுகிற அளவுக்கு உளுந்து இங்கே விளைகிறது, ஆனால் கரண்ட் இல்லாமல் அதை என்ன செய்ய? வார நாளில் கடலைமாவு தோசை சுடுங்கள். ஒரு கப் கடலைமாவு, கால் கப் அரிசிமாவு, ஓமம், பச்சைமிளகாய், பொடி வெங்காயம், உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கரைத்தால் உடனே ஊற்றலாம், புளிக்கவும் வேண்டாம்.

கரண்டிகளுக்கு ஒரு வழி: ஜன்னல் கம்பியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு மூங்கில் குச்சியைக் கட்டி, சட்டை மாட்டுகிற கம்பியை வெட்டி வளைத்துக் கொக்கி போடுங்கள். காற்றுப் படுகிற இடம், கழுவியதும் தானாகக் காயும்.

தாம்வே மாடிவீடு

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பட்டாணி இன்றைக்கே ஊறப்போட்டுவிட்டேன். பசுண்டவுன் அக்கா, அந்த மரப்பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கவேண்டுமா?

பசுண்டவுன் அக்கா

வேண்டாம் தங்கச்சி, மழையில் வார்னிஷ் காயாது, பிசுபிசுவென்று டப்பாவில் ஒட்டும். வெயில் அடிக்கிற நாளில் பெட்டியை வெளியே வைத்து நன்றாகக் காயவைத்துவிட்டு அப்படியே கட்டு. மழை முடிந்து ஐப்பசி கார்த்திகை வாக்கில் அடித்துக்கொள்ளலாம்.