மறு: ஸ்கிரப்பர் – வடிகட்டியா, நீக்கியா, கலமா?

நண்பர்களே,

மயக்க மருந்து இயந்திரக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை அகற்றும் ஸ்கிரப்பருக்கு மட்டும் இன்னும் தமிழ்ச் சொல் முடிவாகவில்லை.

> ‘வடிகட்டி’ போதுமே, எல்லாருக்கும் புரியும்.

தப்பாகப் புரியும் என்பதுதான் என் பயம். வடிகட்டி என்றால் கழுவிவிட்டு மறுபடி மாட்டலாம் என்று தோன்றும். இங்கே தூசி தடுக்கப்படவில்லை. நோயாளி வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 4 விழுக்காடு உள்ள கார்பன் டை ஆக்சைடு, சோடாலைம் (சுண்ணாம்பு கலந்த வேதிப்பொருள்) மணிகளோடு வினைபுரிந்து அங்கேயே தங்கிவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் கலத்தை நேற்றுத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. வெள்ளை மணிகள் ஒரு பக்கமிருந்து ஊதாவாகிக்கொண்டு வந்தன. தீர்ந்து ஊதாவாகிப்போன மணிகள் சும்மா கிடந்தால் மறுபடி வெளுத்துவிடும். மறுநாள் பார்ப்பவர் புதிது என்று நம்பிவிடுவார். நிறம் ஏமாற்றுகிற இடத்தில் சொல்லும் ஏமாற்றக் கூடாது.

> கரியீருயிர்வளி (கார்பன் டை ஆக்சைடு) நீக்கி. தொல்காப்பியம் பிறப்பியலில் ‘உந்தி முதலா முந்துவளி’ என்று மூச்சுக்காற்றையே வளி என்கிறது.

வளி எனக்கும் பிடித்த சொல் ஐயா. ஆனால் ‘நீக்கி’ வினையெச்சமாகவும் நிற்குமே. ‘வளிநீக்கி சூடாகும்’ என்றால் பெயர், ‘வளி நீக்கிச் சூடாகும்’ என்றால் எச்சம். நடுவில் ஒரு ‘ச்’ தான் காவல். அறுவை அரங்கில் அவசரமாகப் புரட்டுகிறவர் அந்த ஒற்றெழுத்தைப் பார்ப்பாரா?

> விண்கலத்துக்கும் அதே சொல் பொருந்த வேண்டும்.

சரி, பொருந்தட்டும். 1970-இல் அப்போலோ 13 விண்கலத்தில் இதே வேலைக்கு இருந்தது லித்தியம் ஹைட்ராக்சைடு. அதனால் சோடாலைமைச் சொல்லுக்குள் நுழைக்க முடியாது. அங்கே சிக்கலே அந்தப் பொருளை அடைத்த கலத்தின் வடிவம்தான்: கட்டளைக் கலத்தின் சதுரப் பெட்டிகள் நிலாக் கலத்தின் வட்டத் துளைக்குள் போகவில்லை. பிளாஸ்டிக் பை, குழாய், ஒட்டுநாடா கொண்டு பொருத்தினார்கள்.

ஆகவே ‘உறிஞ்சுகலம்’ என்கிறேன். வினைத்தொகை, உறிஞ்சிய கலம், உறிஞ்சுகிற கலம், உறிஞ்சும் கலம் மூன்றுக்கும் இடமுண்டு. தீர்ந்ததும் புதிதும் ஒரே பெயரில் அடங்கும்.

உறிஞ்சுதல் நீர்மத்துக்கே உரியது, வளிக்கு ஆகாது என்று நம் குழுவின் அம்மா ஒருவர் சொன்ன மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர் சொன்ன ‘ஏற்கலம்’ அழகுதான். ஆனால் எதை ஏற்கிறது என்று மாணவர் கேட்பார்.

அரங்கில் எல்லாரும் ‘சோடாலைம் டப்பா’ என்றுதான் சொல்கிறார்கள். முதல் தடவை வருமிடத்தில் அதையும் பக்கத்தில் போட்டுவிடுகிறேன். மூன்று பேர் உறிஞ்சுகலத்துக்குச் சரி சொல்லியிருக்கிறீர்கள். வியாழன் இரவுக்குள் வேறு நல்ல சொல் வந்தால் மாற்றுகிறேன், அப்புறம் முடியாது.