மறு: சேஷாத்ரி கட்டுரை – ‘மாடுலை ஸ்பேஸ்’ என்பதற்குச் சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். கணித அறிஞர் சி.எஸ். சேஷாத்ரி பற்றிய நம் தமிழ்க் கட்டுரையில் ‘மாடுலை ஸ்பேஸ்’ (moduli space) என்பதற்கு என்ன சொல் இடுவது என்ற விவாதத்துக்கு என் பதில் இது. ஒரு வகைப் பொருள்களை ஒரே புள்ளியாகக் கொண்டு, எல்லா வகைகளையும் தொகுத்த வெளி அது.

> பாடநூலில் மாடுலஸ் = மட்டு. ஆகவே ‘மட்டுவெளி’ போதும்.

ஏற்க இயலவில்லை. ‘மாடுலை’ என்பது ‘மாடுலஸ்’ என்பதன் பன்மைதான்; ஆனால் பாடநூலில் மட்டு என்றால் கலப்பெண்ணின் மட்டு மதிப்பு. சி.எஸ். சேஷாத்ரியைப் பற்றிப் படிக்க வரும் பிளஸ் டூ மாணவிக்கு அதுதான் நினைவுக்கு வரும். 1857இல் ஜெர்மானியக் கணிதர் ரீமன் இச்சொல்லை ஆண்டது வேறு பொருளில்: ஒரு பரப்பின் வகையை முடிவுசெய்யும் எண்கள். இரண்டு துளையுள்ள ரீமன் பரப்புக்கு (ஒவ்வொரு சிறு பகுதியும் கலப்பெண் தளம்போல் அமைந்த பரப்பு) அப்படி மூன்று கலப்பெண்கள் வேண்டும்.

> ‘துணையலகு வெளி’?

துணையலகு (பாராமீட்டர்) என்பது ஒரு பொருளைக் குறிக்கப் பயன்படும் எண். இச்சொல் நெருங்கி வருகிறது, ஆனால் முக்கியமானதைத் தவறவிடுகிறது. முக்கோணத்தை மூன்று பக்க நீளங்களால் குறித்தால் (3,4,5), (5,3,4), (6,8,10) மூன்றும் வேறுவேறு புள்ளிகள். அது துணையலகு வெளி. ஆனால் இவை வடிவொத்த முக்கோணங்கள். ஒரே வடிவத்துக்கு ஒரே புள்ளி என்று சுருக்கிய பிறகு கிடைப்பதே நாம் பெயர் தேடும் வெளி.

என் பரிந்துரை: வகைவெளி. நிகழ்தகவில் ‘கூறுவெளி’ (சாம்பிள் ஸ்பேஸ்) ஏற்கெனவே புழங்குவதால் இதுவும் காதுக்கு அந்நியமாக இராது.

இதற்கு வலுவான காரணம் சேஷாத்ரியின் பணியிலேயே இருக்கிறது. 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் பாதிரியார் ரசீனிடம் கற்று 1953இல் பம்பாய் டாட்டா ஆய்வுக்கழகம் சென்றார். அதே ரசீனின் மாணவர், அதே வயதினர், எம்.எஸ். நரசிம்மன். இருவரும் 1965இல் நிறுவிய தேற்றத்தைக் கட்டுரையில் விரிவாகவே எழுத வேண்டும்: ரீமன் பரப்பின் மீதுள்ள, படி சுழியமான உறுதியான திசையன் கற்றைகளும், அப்பரப்பின் மூடிய பாதைகளை யூனிட்டரி அணிகளாக்கும் பகுக்க முடியாத முறைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும். (திசையன் கற்றை – பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையன் வெளி இணைந்த அமைப்பு; படி – அது எவ்வளவு முறுக்கியது என்பதைச் சொல்லும் முழு எண்; உறுதி – உட்கற்றை எதுவும் சராசரிப் படியில் முழுக் கற்றையை எட்டாத நிலை; யூனிட்டரி அணி – நீளத்தை மாற்றாத கலப்பெண் அணி.) இயற்கணித வடிவியலில் ஒரு பொருள், இடத்தியலில் (டோபாலஜி) ஒரு பொருள். இரண்டும் ஒன்றே என்று காட்டியது எத்தனை பெரிய காரியம்!

உறுதியான கற்றைகளை மட்டும் எடுத்தால் அந்த வெளி பொதுவாக முழுமையாக இராது, ஓரங்கள் விட்டுப்போகும். 1967இல் சேஷாத்ரி அரையுறுதிக் கற்றைகளையும் (இவற்றில் உட்கற்றை சராசரிப் படியில் முழுக் கற்றையை எட்டலாம், மிஞ்சாது) சேர்த்து அதை நிரப்பினார். அதற்காக, ஒன்றுக்கொன்று சமமல்லாத சில கற்றைகளைக் கூட ஒரே வகையாகக் கொண்டு ஒரே புள்ளியில் வைத்தார். ஆகப் புள்ளி என்பது ஒரு கற்றை அன்று, ஒரு வகை. ‘வகைவெளி’ இதை அப்படியே சொல்லிவிடுகிறது.

‘மாடுலை’ என்றே ஒலிபெயர்க்கலாம் என்ற கருத்தையும் பார்த்தேன். ரீமனைக் குறிப்பிடும் இடத்தில் ஒருமுறை வரட்டும். கட்டுரை முழுக்க வேண்டாம். 1989இல் சென்னையில் சேஷாத்ரி தொடங்கிய கணிதக் கழகம் பற்றிய பகுதியில் இச்சொல் தேவைப்படாது.

‘திசையன் கற்றை’ எனக்கு உடன்பாடே. ‘கதிர்க்கற்றை’யோடு குழம்பும் என்பவர்கள் மாற்றுச் சொல்லைத் தந்தால், இரண்டையும் வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்க்கலாம்.

அன்புடன்.