ப்ளீ டீல் (குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைக்க அரசுத் தரப்போடு போடும் ஒப்பந்தம்) முறிந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

மணி, டெக்சஸ்:
மச்சான் மகன் வழக்கு. ஃபெடரல். 5 கிலோவுக்கு மேல் கோகெய்ன், அதாவது குறைந்தது 10 வருஷம். டீலில் கையெழுத்துப் போட்டு, ப்ராஃபரில், அதாவது அரசுத் தரப்பிடம் தெரிந்ததையெல்லாம் சொல்லும் கூட்டத்தில், உட்கார்ந்து எல்லாம் சொன்னான், கூட்டாளி பெயரைத் தவிர. அந்தக் கூட்டாளியின் ஃபோன் ஏற்கெனவே அரசுத் தரப்பின் கையில். தண்டனை நாளில் நான் முன் பெஞ்சில் இருந்தேன். வக்கீல் மஞ்சள் பேடில் பென்சிலால் 60 என்று எழுதியிருந்தார், மாதக் கணக்கு. நீதிபதி, "அரசுத் தரப்பில் மோஷன் உண்டா?" என்றார். "இல்லை." வக்கீல் பேடைக் கவிழ்த்து வைத்தார். 5கே, அதாவது ஒத்துழைத்ததற்காகத் தண்டனையைக் குறைக்கச் சொல்லி அரசுத் தரப்பு போடும் அந்த மோஷன், போச்சு. முழு உண்மை சொல்லாததால், குறைந்தபட்சத் தண்டனைக்குக் கீழே போகவிடும் சேஃப்டி வால்வு விதியும் போச்சு. 120 மாதம்.

கயல்:
என் தம்பிக்கு ஸ்டேட் கேஸ், ட்ரக் கோர்ட், அதாவது ஜெயிலுக்குப் பதில் கோர்ட் கண்காணிப்பில் போதை சிகிச்சை. முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளணும், முழுசாக முடித்தால் தள்ளுபடி. தினமும் காலையில் ஒரு நம்பரைக் கூப்பிட்டால் ஒரு நிறம் சொல்வார்கள். நம் நிறம் வந்தால் அன்றே சிறுநீர் கொடுக்கணும். அவன் நிறம் பச்சை. பதினோராவது மாதம் ஒரு நாள் ஸ்பீக்கரில் "பச்சை" என்றது எனக்கும் கேட்டது. மாட்டிய ஷூவைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். நான் எழுப்பவில்லை. போகாவிட்டால் பாசிட்டிவ் கணக்குதான். ஏற்கெனவே இரண்டு தடவை வார இறுதியில் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். இந்த முறை திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். டிரயலே இல்லை, நேரே தண்டனை.
மணி அண்ணா, ப்ளீயை வாபஸ் வாங்கி டிரயலுக்குப் போயிருக்கலாமே?

சுந்தர், நியூஜெர்சி:
அதெல்லாம் முடியாதுங்க கயல். மீறியது நாம் என்றால் அரசுத் தரப்புக்குத்தான் டீலிலிருந்து விடுதலை, நம் ப்ளீ அப்படியே நிற்கும். அவர்கள் வாக்குத் தவறினால்தான் நமக்கு வழி, 1971 சாண்டோபெல்லோ தீர்ப்பு அதற்குத்தான். ப்ராஃபரில் சொன்னதையும் பெரும்பாலும் நமக்கு எதிராகவே எடுப்பார்கள்.
என் ரூம்மேட் ட்ரக் கோர்ட்டை ஒழுங்காக முடித்தான், கேஸும் தள்ளுபடி. பிறகும் கிரீன் கார்டுக்கு நோட்டீஸ் வந்தது. கோர்ட் தள்ளினாலும், ஒப்புக்கொண்ட ப்ளீ இமிக்ரேஷன் கணக்கில் குற்றவாளித் தீர்ப்புதான். வக்கீல் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று 2010 படில்லா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். விசாவில் இருப்பவர்கள் கையெழுத்துக்கு முன்னால் இமிக்ரேஷன் வக்கீலைத் தனியாகப் பாருங்கள். டெஸ்டில் தோற்போம் என்று தெரிந்தாலும் போய் நில்லுங்கள். ஒளிந்தால் அது தனி மீறலாகிவிடும்.

கயல்:
சரிங்க. அன்று அவன் படுத்தபோது காலை எட்டரை. சென்டர் சாயங்காலம் ஐந்து மணி வரை திறந்திருந்தது.